குதிரை வந்தது, லாடக்காரர் வரவில்லை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

தமிழ் மொழித் தினப் போட்டிக்காக எங்கள் பாடசாலையில் ஒரு மாணவியைப் பேச்சுக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தோம். தரம் 10 பிள்ளை. நம் முன்னோரின் கடல் வணிகம்தான் தலைப்பு. பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரைகள் கப்பலேறி வந்து காயலில் இறங்கியதை அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"சேர், மார்க்கோ போலோ இன்னொண்டும் எழுதிரிக்காரு. அதையும் சொல்லவா, விடவா?"

அவள் சொன்னது இதுதான். போலோ 1290களின் தொடக்கத்தில் மஃபர் என்று அரபிகள் அழைத்த பாண்டியர் கரைக்கு வந்தவர். அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரியாததால் அவை செத்துப்போகின்றன என்று எழுதுகிறார். அந்த நாட்டில் லாடக்காரர் இல்லையாம். ஹோர்முஸ், கீஷ், தோஃபார், ஸுஹார், ஏடன் ஆகிய துறைமுகங்களின் வணிகர்கள் எந்த லாடக்காரரையும் அங்கே போக விடுவதுமில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் வியாபாரம் நடக்கும்!

ஆசிரியர் ஓய்வறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "அத விட்டுடுங்க. நம்மள நாமளே கொறச்சிப் பேசின மாதிரி ஆகிடும்" என்றார் ஒருவர். "போலோ பெருப்பிச்சி எழுதுற ஆள்" என்றார் இன்னொருவர். இரண்டிலும் ஓரளவு நியாயம் இருந்தது. ஆனால் பிள்ளைக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமே. ஒரு லாடக்காரர் இல்லாவிட்டால் உண்மையில் ஆயிரக்கணக்கான குதிரைகள் கெட்டுப்போகுமா? அதை அறியாமல் போலோவை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

அப்போதுதான் ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவில் கண்ட ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். குடும்பங்களோடு போயிருந்தோம். பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றுகிற இடத்துக்குப் பின்னால், ஒரு கொட்டிலில் அவர் லாடம் அடித்துக்கொண்டிருந்தார். வேலை தொடங்கிய விதமே எங்களை நிற்க வைத்தது. முதலில் அவர் சுத்தியலைத் தொடவில்லை. குதிரையை நடக்க விட்டுப் பார்த்தார். எந்தக் கால் முதலில் ஊன்றுகிறது, எந்தக் காலை ஊன்றும்போது தலை ஆடுகிறது என்று கவனித்தார். பிறகு முழங்காலிலிருந்து கீழே கையால் தடவிக்கொண்டே வந்து, குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். கணுவுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். கடைசியில் காலைத் தூக்கித் தன் தொடைகளுக்கிடையில் வைத்து, அடிப்பாதத்தில் ஒட்டியிருந்த அழுக்கைச் சுரண்டி, குனிந்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஈரத்துலயே நின்னா இந்த இடம் அழுகிடும். கண்ணுக்குத் தெரியிறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரியும்" என்றார்.

எங்களோடு வந்த சின்னவனுக்கு ஆணியைக் கண்டதும் பயம். "ஆணி அடிச்சா அதுக்கு நோவாதா மாமா?" என்று கேட்டான்.

அவர் சிரித்தார். "நகம் வெட்டுறப்ப உனக்கு வலிக்குதா தம்பி? இதுவும் நகந்தான். ஆனா ஒரு நூல் உள்ள போயிட்டா வலிக்கும், சீழ் புடிக்கும், குதிரை நொண்டும். அந்த ஒரு நூலுக்குத்தான் எனக்குக் கூலி."

அந்த ஒரு நூலைப் பற்றி வீட்டுக்கு வந்து தேடி வாசித்தோம். குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. எலும்பும் தசைநாண்களும் தோலும்தான். நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணி ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரல் நுனியில் நிற்கிறது. அந்த விரலின் நகம்தான் குளம்பு. அது மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்கிறது. மேல் விளிம்பில் முளைத்த கொம்புப் பொருள் முன் நுனியில் தரையைத் தொட ஒரு வருடம் வரை ஆகும். ஆகவே அனுபவமுள்ள லாடக்காரர் ஒருவர் குளம்புச் சுவரில் உள்ள வரிகளைப் பார்த்தே, சில மாதங்களுக்கு முன் அந்தக் குதிரைக்குக் காய்ச்சல் வந்ததா, தீனி மாறியதா என்று ஊகித்துவிடுவார்.

குளம்புக்குள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. அந்த எலும்பையும் வெளிச்சுவரையும் பிணைத்து வைத்திருப்பவை நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள். புத்தகத் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போல அவை பின்னிக் கிடக்கின்றன. குதிரையின் முழு எடையும் அந்த மடிப்புகளில்தான் தொங்குகிறது. அடிப்பாதத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அதற்கு வெளியே உணர்வு இல்லை, உள்ளே போகப் போக உயிர். ஆணி வெளிப்புறமாகவே இறங்கிச் சுவரின் பக்கவாட்டில் வெளிவர வேண்டும். அதைத்தான் அவர் ஒரு நூல் என்றார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். புல் தின்னப் படைக்கப்பட்ட இந்தப் பிராணிக்குத் திடீரென்று தானியத்தை அளவு மீறிக் கொடுத்தால், அது பெருங்குடலில் புளித்து அமிலமாகும். அதன் விளைவு வயிற்றோடு நிற்காது, காலுக்கு வரும். அந்த மெல்லிய மடிப்புகள் அழற்சியடைந்து பிடியை விடும். மோசமானால் உள்ளெலும்பு சாய்ந்து கீழே இறங்கும். குளம்பு சுடும், கணுவின் நாடி துடிக்கும், குதிரை முன்னங்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும். இன்றைய மருத்துவம் இதை லெமினைட்டிஸ் என்கிறது. கிரேக்கர்கள் அளவு மீறிய பார்லித் தீனியால் வரும் கோளாறை அதன் பெயராலேயே அறிந்திருந்தார்கள். குதிரை வளர்ப்பைப் பற்றி ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஸெனஃபோன், குளம்பு உறுதியாக வேண்டுமானால் ஈரத் தரையில் கட்டாமல் உருண்டைக் கற்கள் பரப்பிய இடத்தில் குதிரையை நிறுத்தச் சொல்கிறார்.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. நெடுந்தீவுக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் அங்கே லாடம் இல்லாமலே திரிகின்றன. சுண்ணாம்புக் கல் தரையில் நாள் முழுக்க நடக்கும் குளம்பு வளர்வதும் தேய்வதும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். கட்டி வைத்த குதிரைக்கு இந்தக் கணக்குப் பிழைக்கும். வளரும், தேயாது. நுனி நீண்டு, கணு பின்னால் சாய்ந்து, தசைநாண் இழுபடும். பாரம் சுமந்து கடினமான பாதையில் ஓடும் குதிரைக்கு மறுபக்கம் பிழைக்கும். வளர்வதை விட வேகமாகத் தேயும். அதற்குத்தான் இரும்பு லாடம். இரண்டுக்கும் நடுவில் நின்று சில வாரங்களுக்கு ஒரு முறை கணக்கைச் சரிசெய்பவர்தான் லாடக்காரர். செருப்புத் தைப்பவரும் வைத்தியரும் ஒரே ஆளாக இருப்பது போன்ற வேலை.

இந்த அறிவோடு மஃபருக்குத் திரும்பிப் பார்த்தோம்.

நமக்குப் போலோ மட்டும் சாட்சியல்ல. வஸ்ஸாஃப் என்று அறியப்பட்ட ஷீராஸ் நகரத்து வரலாற்றாசிரியர் அப்துல்லாஹ் இப்னு ஃபழ்லுல்லாஹ், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் பாரசீகத்திலிருந்து எழுதியவர். அவர் முஸ்லிம். வணிகர்களின் பக்கத்தைச் சேர்ந்தவர். கீஷ் தீவை ஆண்ட பெருவணிகர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் தன் சொந்த வளர்ப்பில் மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மஃபருக்கு அனுப்ப ஒப்பந்தம் இருந்தது என்கிறார். கதீஃப், அல் அஹ்ஸா, பஹ்ரைன், ஹோர்முஸ், கல்ஹாத் குதிரைகள் அதற்கு மேல். ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார். அத்தாபக் அபூபக்ரின் காலத்தில், அதாவது 1260க்கு முன், மஃபர், கம்பாத் முதலிய துறைமுகங்களுக்கு ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் போனதாகவும் எழுதுகிறார். பெருக்கிப் பாருங்கள். 22 இலட்சம் தீனார்! அந்த ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான்தான் பாண்டிய அரசில் அமைச்சராகி, காயல் உள்ளிட்ட துறைமுகங்களைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவர். இதுவரை எங்கள் மாணவி பெருமையோடு சொன்ன பகுதி.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வழியில் குதிரை செத்தாலும் அதன் விலை அரச கருவூலத்திலிருந்து கொடுபடும். இதை வாசித்தபோது ஓய்வறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உயிரோடு இறங்கினாலும் 220, செத்தாலும் 220.

இறங்கிய பிறகு என்ன நடந்தது? குதிரைகளை நாற்பது நாள் கயிறும் முளையும் கொண்டு லாயத்தில் கட்டி வைத்துக் கொழுக்க விடுவார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். வறுத்த தானியம், நெய் சேர்த்துச் சமைத்த தீனி, காய்ச்சிய பசும்பால். பிறகு பழக்காமலே ஏறி ஓட்டுவார்கள். கொஞ்ச நாளில் வலிமையான குதிரையும் சோர்ந்து பயனற்றுப்போகும். அதனால்தான் ஆண்டுதோறும் புதிய குதிரை தேவைப்படுகிறது, வணிகர்களும் கொண்டுவருகிறார்கள் என்று முடிக்கிறார். போலோவோ சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்கிறார்.

நுவரெலியாக் கொட்டிலை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். கப்பலில் வாரக்கணக்கில் அசையாமல் நின்று வந்த குதிரை. இறங்கியதும் நாற்பது நாள் கட்டு. வாய்க்குத் தானியமும் நெய்யும். காலுக்குக் கீழே அதன் சொந்த நீரும் சாணமும். மழைக்காலமென்றால் இன்னும் மோசம். தேயாமல் நீளும் நுனி, அழுகும் அடிப்பாதம், உள்ளே பிடி தளரும் மடிப்புகள். பிறகு ஒரு நாள் அந்தக் காலோடு முழு வேகத்தில் ஓட்டம். அந்தக் குதிரைகள் லெமினைட்டிஸால்தான் கெட்டன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அது நாங்கள் செய்யும் ஊகம். ஆனால் அந்த நோய்க்கு இதைவிடப் பொருத்தமான செய்முறை கிடைப்பது அரிது. குளம்பில் கைவைத்துச் சூடு பார்க்கத் தெரிந்த ஒருவர் முதல் வாரத்திலேயே தானியத்தை நிறுத்தச் சொல்லியிருப்பார்.

போலோவின் இன்னொரு குறிப்பும் காலைப் பற்றியதுதான். உயர்ந்த ஆண் குதிரைக்கும் உயர்ந்த பெண் குதிரைக்கும் அங்கே பிறக்கும் குட்டி சிறியதாய், கால் கோணியதாய், ஏறி ஓட்ட உதவாததாய் இருக்கிறது என்கிறார். குட்டிகள் சற்றுக் கோணலான காலோடு பிறப்பது எங்கும் நடப்பதுதான். எலும்பு வளரும் முதல் சில மாதங்களில் குளம்பைச் சமனாகச் சீவி வந்தால் பல கால்கள் நேராகும். அந்த மாதங்கள் போய்விட்டால் போனதுதான். தாய்க் குதிரையின் தீனி, வெப்பம் எல்லாம் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் அரம் பிடிக்கும் ஒரு கை அங்கே இல்லாததும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறோம். உள்ளூரிலேயே நல்ல குதிரை வளர்ந்திருந்தால் 220 தீனார் விலை நின்றிருக்குமா?

சரி, போலோ சொன்னது முழுதும் உண்மையா? ஐந்து சகோதர அரசர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கி, வருட முடிவில் நூறு கூட மிஞ்சாது என்கிறார். சில பிரதிகளில் முந்நூறு. அது பெருப்பித்த கணக்கு என்றே படுகிறது. 1311இல் மாலிக் கஃபூரின் தென்னகப் படையெடுப்பில் கிடைத்தவற்றுள் 5,000 குதிரைகளை அமீர் குஸ்ரு கணக்குச் சொல்கிறார். எல்லாம் செத்திருந்தால் அவை எங்கிருந்து வந்தன? அடுத்து, ஹோர்முஸும் கீஷும் ஒன்றையொன்று அழிக்கப் போராடிய போட்டித் துறைமுகங்கள். அவை எல்லாம் கூடி ஒரு தடையைப் போட்டுக் காப்பாற்றியிருக்கும் என்று நம்புவது கடினம். மூன்றாவது, சாலிஹோத்திரம் போன்ற குதிரை வைத்திய நூல்கள் இந்திய மண்ணிலேயே இருந்தன. ஆகவே அறிவே இல்லாத தேசம் என்பதும் சரியில்லை.

ஆனால் போலோவைத் தள்ளினாலும் வஸ்ஸாஃப் நிற்கிறார். அவர் நம்மவர். குதிரைகள் பராமரிப்பின்றிக் கெட்டன, அந்தக் கேடே வியாபாரத்தைத் தொடர வைத்தது. இந்த ஓரிடத்தில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

நம்மிடம் அந்த அறிவு இல்லாமலா இருந்தது? அதுதான் மனதை உறுத்துகிறது. அரபு மொழியில் பைத்தார் என்றால் கால்நடை வைத்தியர், லாடக்காரர் இரண்டும்தான். 9ஆம் நூற்றாண்டிலேயே அப்பாஸிய அரண்மனைக் குதிரை லாயத்தின் பொறுப்பிலிருந்த இப்னு அகீ ஹிஸாம் குதிரைகளையும் அவற்றின் நோய்களையும் பற்றி நூல் எழுதினார். ஜமாலுத்தீனின் கப்பல்கள் காயலுக்கு வந்த அதே காலத்தையொட்டி, கெய்ரோவில் சுல்தான் நாஸிர் முஹம்மதின் தலைமைப் பைத்தாராக இருந்த அபூபக்ர், அந்தத் துறையின் பெரிய நூல்களில் ஒன்றை எழுதினார். மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தாரை நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பெயரின் பொருளே பைத்தாரின் மகன் என்பதுதான். ஸ்பானிய மொழியில் கால்நடை வைத்தியரை நூற்றாண்டுகளாக அல்பெய்த்தார் என்றே அழைத்தார்கள். அந்த அறிவு ஐரோப்பாவுக்குப் போனது. பின்னால் அக்பரின் லாயத்திலும் நால்பந்த் என்ற பெயரில் லாடக்காரருக்குத் தனிச் சம்பளம் இருந்ததை அயினே அக்பரி பதிவு செய்கிறது. காயலுக்குப் போன கப்பலில்தான் அந்த மனிதருக்கு இடம் கிடைக்கவில்லை.

குற்றம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. 220 தீனார் கொடுத்து வாங்கத் தெரிந்த அரசுக்கு, அதில் ஒரு சிறு பங்கில் நான்கு பைத்தார்களைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. ஒப்பந்தத்தில் செத்த குதிரைக்கு ஒரு வரி இருந்தது. உயிருள்ள குதிரையின் காலுக்கு ஒரு வரி இருந்ததாக வஸ்ஸாஃப் சொல்லவில்லை. விற்றவர்கள் சொல்லவில்லை, வாங்கியவர்கள் கேட்கவில்லை. நடுவில் நொண்டியது வாயில்லாச் சீவன். ஓடும் குதிரைகளின் குளம்பிலிருந்து தெறிக்கும் தீப்பொறியை வைத்து ஒரு சூராவே தொடங்குகிறதே, அதை ஓதுகிறவர்கள் அல்லவா நாம்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் நாங்கள் படிப்பித்த ஒரு பாடசாலைக்கு ஒரே நாளில் இருபது கணினிகள் வந்திறங்கின. மாலை, மேடை, புகைப்படம் எல்லாம் நடந்தது. பழுது பார்க்க ஒருவரும் வரவில்லை. மூன்றாம் வருடம் அந்த அறையைப் பூட்டி வைத்தோம். திறப்பு இன்னும் யாரிடமோ இருக்கிறது. பொருளை வாங்குவது செய்தியாகிறது. அதன் காலைத் தூக்கிப் பார்ப்பவர் யாருடைய பட்டியலிலும் இல்லை.

கடைசியில் மாணவியிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான். "சொல்லு மகள். போலோ சொன்னதையும் சொல்லு, ஏன் அத முழுசா நம்ப ஏலாது எண்டும் சொல்லு. வஸ்ஸாஃப் சொன்னதையும் மறைக்காத."

சொன்னாள். வலய மட்டத்தில் இரண்டாம் இடம். முதலாமிடம் போனதில் அவளுக்குக் கொஞ்சம் கவலைதான். நடுவர்களில் ஒருவர் பிறகு அவளைக் கூப்பிட்டு, அந்த நூல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாராம். அதை எங்களிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நம் கிராமங்களில் ஒரு காலத்தில் வண்டி மாட்டுக்கு லாடம் அடித்த பெரியவர்கள் இருந்தார்கள். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்க்கும் விதம், ஆணியின் பெயர், அரத்தின் பெயர் எல்லாம் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வாப்பா, மூத்தவாப்பா யாராவது அந்தத் தொழில் செய்திருந்தால், அல்லது செய்ததைக் கண்டிருந்தால், கேட்டு எழுதி வையுங்கள். எங்களுக்கும் அனுப்புங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.